ஐந்து முறை அலசிய கோழி

பதினெட்டு துண்டு. ஏகாம்பரம் கடையில் வெட்டும்போதே எண்ணினேன், வீட்டுக்கு வந்து அலுமினியச் சட்டியில் கொட்டி எண்ணினேன், இப்போது அலசும்போது மூன்றாவது முறை. கால் இரண்டு, தொடை நான்கு, நெஞ்சு ஆறு, இறக்கை இரண்டு, முதுகு மூன்று, கழுத்து ஒன்று. ஈரல் கணக்கில் சேராது. முதல் தண்ணீர் சிவப்பு. இரண்டாவது ரோஜா நிறம். மூன்றாவது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. நான்காவது தெளிந்த மாதிரி இருக்கும், அதை நம்பக் கூடாது, கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊற்ற வேண்டும். அந்த ஐந்தாவது தண்ணீரில்தான் சட்டியின் அடியில் இருக்கிற பழைய நசுங்கல் தெரியும். தெரிகிறது. அப்படித் தெரிந்த பிறகும் கையை எடுக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற வேதவல்லி திரும்பிப் பார்க்கிறாள். "இன்னாங்க, கோழிக்குக் கல்யாணமா? இத்தனை தடவ குளிப்பாட்டறீங்க. மத்தியானத்துலேர்ந்து கரண்டு இல்ல, மோட்டார் ஓடல. இருந்த ரெண்டு குடத்துல ஒன்னு காலி." முப்பத்தொன்பது வருடமாக அவள் கேள்விகளில் பாதிக்கு நான் பதில் சொல்வதில்லை, அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மழை சற்றுக் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. ஓட்டு விளிம்பிலிருந்து வாளியில் விழும் சொட்டை எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. காலையில் எண்ணவே முடியாமல் கம்பியாக விழுந்தது. மணி நாலு பத்து. மகள் அமுலுவும் மாப்பிள்ளையும் குழந்தையும் வரும் பஸ் ஆறு மணிக்கு ஏரிக்கரைமேல் ஏறும், ஆறு ஐந்துக்கு நம் தெரு முனையில் நிற்கும். நாளை மறுநாள் கார்த்திகை ஒன்று, மாப்பிள்ளை மாலை போட்டுவிடுவார், அப்புறம் அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்குக் கவிச்சி கிடையாது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் வாருங்கள் என்று நானே சொன்னேன். புதன்கிழமை சொன்னேன். அப்போது ஏரியில் பதினாறடி.

இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். இதற்கு நல்லெண்ணெய்தான், ஆறு கரண்டி. சோம்பு பொரிந்ததும் கறிவேப்பிலை, பிறகு நாற்பது வெங்காயம். வேதவல்லி கொண்டுவந்து வைத்ததில் முப்பத்தெட்டுதான் இருந்தது, விட்டுவிட்டேன். எண்ணெய் சத்தம் வந்ததும் மேலே இருக்கிற பலகையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்ததுமே பார்த்துவிட்டேன். மிளகாய்த்தூள் டப்பா, மல்லி டப்பா, அவற்றுக்குப் பின்னால் பால் வாங்குகிற தூக்கு, மூடி போட்டு, காலை ஆறே காலுக்கு நான் வைத்த இடத்தில் அசையாமல் இருக்கிறது. அதில் பால் இல்லை. அதில் இருப்பது என்ன என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பால் வாங்கப் போகிறவன் கரையடி வழியாகப் போகத் தேவையே இல்லை, நான் போனேன். முப்பத்தொரு வருடம் இந்த ஆவணியேந்தல் ஏரிக்கு லஸ்கராக இருந்தவன். மதகைத் திறந்து மூடி, தினம் மூன்று வேளை அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதியவன். வேலை விட்டு ஒன்பது வருடம் ஆனபிறகும் மழைநாளில் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. கரையின் வெளிச்சரிவில், இரண்டாம் மதகிலிருந்து நாற்பத்தாறு எட்டு எடுத்துவைத்தால் வருகிற இடத்தில், ஓணான்கொடிக்குக் கீழே, சுண்டுவிரல் பருமனில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கசிவு எல்லா ஏரிக்கும் உண்டு. எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி சொல்வார், தெளிஞ்சு வந்தா ஏரிக்கு வேர்க்குதுன்னு அர்த்தம், கலங்கி வந்தா ஏரிக்கு வயித்தால போவுதுன்னு அர்த்தம், முதலாவதுக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கு, ரெண்டாவதுக்கு ஊரைக் கூட்டு. உள்ளே இருக்கிற மண்ணை அரித்துக்கொண்டு வருகிற தண்ணீர்தான் கலங்கி வரும். ஆனால் காலை ஆறு மணி இருட்டில், மேகம் கவிழ்ந்த வெளிச்சத்தில், தெளிவா கலங்கலா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எனக்கு வலது கண்ணில் புரை இருக்கிறது. அதனால் மேலே ஓடுகிற மழைத் தண்ணீரைக் கையால் அணைகட்டித் தள்ளிவிட்டு, தூக்கின் வாயைக் கசிவின் வாயிலேயே வைத்து நிரப்பிக்கொண்டேன். பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் வைத்தால் மண் இருந்தால் அடியில் படியும். மேல் தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வேதவல்லியிடம் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

வெங்காயம் நிறம் மாறுகிறது. இஞ்சியும் பூண்டும் போட்டு, பச்சை வாடை போகும்வரை கரண்டியை எடுக்கக் கூடாது, ஏறத்தாழ இருநூறு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு. பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஆறே கால் ஆகிறது. ஆறு ஐந்துக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கை நான் காலையிலேயே போட்டிருக்க வேண்டும், போட்டேன், போட்டுவிட்டுத் தள்ளி வைத்தேன். இப்போதே எடுத்துப் பார்க்கலாம், பத்து மணி நேரம் ஆகிவிட்டது, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பது, முப்பத்தொன்று. ஆனால் மண் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் கை மேலே போகவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, இப்போது லஸ்கராக இருக்கிற தட்சணாமூர்த்திக்குப் போன் போட்டேன். போட்டுவிட்டு, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டான். "மாமா, நீங்க ரிட்டயராயி ஒம்போது வருசம் ஆச்சு, இன்னும் அளவு கேக்கறீங்க." சும்மாதான் என்றேன். "பதினெட்டே கால். போதுமா? நோட்ல எழுதிக்குங்க." சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை. நான், அந்த ரெண்டாம் மதகுகிட்ட, என்று ஆரம்பித்தேன். "ரெண்டாம் மதகுக்கு இன்னா மாமா? ஷட்டர் கிரீஸ் போட்டாச்சு." சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். மணிக்கு இரண்டு அங்குலம் ஏறுகிறது. மத்தியானம் பதினெட்டே கால் என்றால் ஆறு மணிக்குப் பத்தொன்பதைத் தாண்டும். இருபதுதான் நிறைமட்டம். ஒவ்வொரு அடிக்கும் கரையின் வயிற்றில் எவ்வளவு பாரம் கூடும் என்று எனக்குக் கணக்குத் தெரியாது, நான் எட்டாவதுதான். ஆனால் கசிவு எவ்வளவு வேகமாகத் தெறிக்கும் என்று தெரியும், அதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எத்தனையில் விட்டேன்? தொண்ணூறா? வாடை போய்விட்டது, போதும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு. கோழியைப் போட்டுப் புரட்டினேன். பதினெட்டு. தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தச் சட்டியில் கோழி தன் தண்ணீரிலேயே வேக வேண்டும், தட்டு போட்டு மூடி, சிறு தீயில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து கிளற வேண்டும். மூடினேன். நாலு முப்பத்தைந்து.

மூடிய சட்டிக்குள்ளிருந்து முதலில் சத்தமே வராது. பிறகு எங்கோ தூரத்தில் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. தட்டின் ஓரத்தில் ஆவி வழி தேடும், ஓரிடத்தில் ஈரமாகும், அந்த இடத்தில் ஒரு முட்டை விடும், உடையும், மறுபடி விடும். அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் கறி வெட்டிக்கொண்டே கேட்டான், "இன்னா மாமா, கரை கீதா?" கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பதினோரு வருடமாகக் கேட்கிறான், மழைக்கு மழை, அதில் கோபம் இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். கீதுப்பா என்றேன். அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் வீடுதான் அந்த ஓணான்கொடிக்கு நேர் கீழே. "தோல் வாணாம்தானே மாமா?" வேண்டாம் என்றேன். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில், முதல் மதகுக்கு அந்தப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டாவது எட்டில், தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. அன்றைக்கு நான் தூக்கு எடுத்துப் போகவில்லை, படியட்டும் என்று காத்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு கரையடித் தெரு முழுக்க ஓடினேன். உடையப் போகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. ஒடஞ்சிடுச்சி, ஒடஞ்சிடுச்சி. நாற்பத்திரண்டு வீடு, நூற்று அறுபத்து மூன்று பேர், அடுப்பில் சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பாறைமேல் ஏறினார்கள். முப்பத்தொரு படி. பத்தொன்பதாவது படியில் ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனம் வழுக்கி விழுந்தாள். அப்போது வயிற்றில் ஐந்து மாதம். ஏரி உடையவில்லை. மறுநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கசிவுக்கு மேலே ஒரு குழியில் நான்கு எருமைகள் படுத்துக் கலக்கிக்கொண்டிருந்தன. நான்கையும் எண்ணினேன். அதிகாரிகளில் ஒருவர் என் தோளைத் தட்டி, முன்ஜாக்கிரதை நல்லதுதான் தனகோட்டி என்றார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு நான் ஒடஞ்சிடுச்சி மாமா. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது அவர்களுடைய பிள்ளைகள் சொல்கிறார்கள், எதற்கு அந்தப் பெயர் என்றே தெரியாமல். பூங்காவனம் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி எனக்கு வழி விடுவாள். பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

இன்று எருமை இல்லை. நான் பார்த்தேன். கரைமேல் ஏறிப் பார்க்கவில்லை, கீழிருந்துதான் பார்த்தேன், கொடி மறைத்திருக்கலாம். மழையில் எருமையை யார் ஓட்டிவருவார்கள்? எருமைக்கு மழை என்ன, வெயில் என்ன. சுண்டுவிரல் பருமன் என்று சொன்னேனே, சுண்டுவிரல் அளவா மோதிர விரல் அளவா? கறி வாங்கிவிட்டு வரும்போது மூன்று மணிக்கு மறுபடியும் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அங்கே போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன். அமுலுவின் குழந்தைக்கு மூன்று வயது நான்கு மாதம், அவளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தால் பதினைந்துக்குப் பிறகு நேராக இருபதுக்குப் போய்விடுகிறாள், நடுவில் இருக்கிற நான்கும் எங்கே போச்சு என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுகிறாள். பத்தொன்பது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. கரை உடைந்தால் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகும்? கரையிலிருந்து ஏகாம்பரம் வீடு எண்பது எட்டு, என் வீடு நூற்று ஐம்பது. எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடும். இரவில் என்றால் எண்ணவும் வேண்டாம். குழந்தை என் பக்கத்தில்தான் படுப்பாள், வலது கையை என் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். ஏதோ கருகுகிற வாசனை. கரையிலிருந்தா வருகிறது, இல்லை, கரைக்கு ஏது கருகல். தட்டு ஓரத்தில் முட்டை விடுவது நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று?

"ஏங்க, அடி புடிக்குது!" வேதவல்லி ஓடிவந்தாள். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தட்டைத் தள்ளினாள், புகை மேலே எழுந்தது. "எங்க கீறீங்க நீங்க? சட்டி எதிருல நின்னுக்கினே!" குடத்தைச் சாய்த்தாள், அதில் இல்லை. இன்னொரு குடம் வாசலில். அவள் கை பலகைக்குப் போனது. மிளகாய் டப்பாவை ஒதுக்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் சொல் வரவில்லை, என் வாயில் சொல் வந்த நாட்கள் குறைவு, வந்த ஒரு நாள் தப்பாக வந்தது. வாசல் குடத்தில் மொள்ள எடுத்த தூக்கு கனத்தது, அவள் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கண்டதும் தூக்கை அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டாள். சட்டி சீறியது. "தண்ணிய எதுக்கு இங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க? நல்லவேளை இருந்துச்சி. கோழிய ஒரு குடத்துல குளிப்பாட்டுங்க, அப்புறம் ஊத்தறதுக்கு ஒரு சொம்பு இல்லாம நில்லுங்க." அடியைச் சுரண்டிக் கிளறினாள், மூடினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வயசாயிடுச்சி, விடுங்க, நான் பாத்துக்கறேன். போய் மேல்சட்டை மாத்துங்க, மாப்புள வர்ற நேரம்," என்று குரலைத் தணித்துச் சொன்னாள். மாத்தறேன் என்றேன். வெற்றுத் தூக்கை எடுத்துப் பார்த்தேன். கரண்டு இல்லை, ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறம். அடியில் ஏதோ ஈரம், எவர்சில்வரின் நிழலா மண்ணா தெரியவில்லை, புரைக்கண் எதையும் சொல்லாது. அதைக் கீழே வைத்தபோது என் உடம்புக்குள் ஏதோ தளர்ந்தது. அது என்ன என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. நிம்மதி. சாட்சி போய்விட்டது. இனி நான் பார்க்க வேண்டியதில்லை, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கோழி வேகும், அவர்கள் வருவார்கள், நெஞ்சுத் துண்டு குழந்தைக்கு, தொடை மாப்பிள்ளைக்கு, கழுத்து எனக்கு. ஐப்பசி மழை எத்தனை பார்த்தாயிற்று, ஏரியும் எத்தனை பார்த்தாயிற்று, இன்னொன்றும் போகும். வேதவல்லி மேல்சட்டை எடுத்துவைக்க உள்ளே போனாள். நான் தட்டைத் திறந்து மிளகும் சீரகமும் இடித்ததை இரண்டு கரண்டி தூவினேன். உப்புப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு ஊதி, நாக்கில் வைத்தேன்.

கடைவாயில் நறநறத்தது. நின்றுவிட்டேன். மறுபடி கடித்தேன். நறநறத்தது. உப்பாக இருக்கும். கல்லுப்பு கரையாமல் இருந்தால் கடிபடும். உப்புதான் என்று சொல்லிக்கொண்டு நாக்கில் வைத்தபடியே எண்ணினேன், முப்பது வரை. உப்பு கரைந்துவிட்டிருக்க வேண்டும். கடித்தேன். அது கரையவில்லை. இஞ்சியில் மண் ஒட்டியிருக்கும். இஞ்சியைத் தோல் சீவினேன், நானே சீவினேன், இரண்டு முறை கழுவினேன். கோழியில்? ஐந்து தண்ணீர். ஐந்தாவதில் சட்டியின் நசுங்கல் தெரிந்தது. கருகிய அடியா? கருகல் கசக்கும், இது கசக்கவில்லை. இதற்கு ஒரு ருசி இருந்தது, அந்த ருசி எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் கோடையில் அந்தக் கரைக்கு மண் சுமந்து கொட்டி, திமிசு போட்டு இடித்தபோது காற்றடித்து வாயில் விழுந்த மண். வழவழப்பும் புளிப்பும் கொஞ்சமாய் இருக்கிற அந்த மஞ்சள் களிமண். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன், வாசலுக்கு எடுத்துப்போய் ஓட்டுத் தண்ணீரை அதில் பிடித்தேன். மெதுவாகச் சாய்த்தேன். எண்ணெய் போயிற்று, மிளகாய்ச் சிவப்பு போயிற்று. இன்னொரு முறை பிடித்துச் சாய்த்தேன். மூன்றாவது முறை. மிளகுத் தூளும் மிதந்து போயிற்று. நான்காவது. ஐந்தாவது. வெள்ளைத் தட்டின் அடியில் அது மட்டும் போகவில்லை, விரல் நகத்தின் பிறை அளவுக்கு மஞ்சளாக ஒரு கோடு. ஒரு கரண்டியில் இவ்வளவு என்றால் ஒரு தூக்கில் எவ்வளவு என்று கணக்குப் போடத் தொடங்கினேன். ஒரு தூக்குக்கு அவ்வளவு என்றால் ஒரு மணிக்கு எவ்வளவு, காலையிலிருந்து பதினோரு மணி நேரத்துக்கு எவ்வளவு. அந்த இடத்தில் நிறுத்தினேன். மணி ஐந்து பத்து. உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். "அமுலுவுக்குப் போன் போடு. பஸ் கரைமேல ஏற வேணாம், கூட்டுரோட்லயே எறங்கச் சொல்லு," என்றேன். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வேதவல்லி என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "ஏங்க, மறுபடியுமா?" என்றாள். பிறகு போனை எடுத்தாள். தட்சணாமூர்த்திக்கு நான் போட்டேன். சும்மாதான் என்று சொல்லவில்லை. இரண்டாம் மதகு, நாற்பத்தாறு எட்டு, கலங்கல், காலை ஆறு மணியிலிருந்து என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. "வர்றேன் மாமா. ஆபீசுக்கும் சொல்லிடறேன். நீங்க தெருவக் கெளப்புங்க," என்றான்.

கரண்டியை எடுக்கவில்லை. தட்டை அடித்தால் அதில் இருப்பது போய்விடும். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மழையில் நனையாமல் நெஞ்சோடு குனிந்து மறைத்துக்கொண்டு நடந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்க இடமில்லை, தண்ணீர் எங்கே முதலில் வருமோ அங்கே. வழியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒடஞ்சிடுச்சி மாமா என்றார்கள், இன்னொருவர் சிரித்தார். ஏகாம்பரத்தின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஏகாம்பரமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பூங்காவனம் திறந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒதுங்க இடம் இல்லை, நானும் ஒதுங்கவில்லை. ஒடஞ்சிடுச்சி என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது, அதை விழுங்கினேன். "ஒடையல. கசிவு கலங்கி வருது. எருமை இல்ல," என்றேன். தட்டை நீட்டினேன். அவள் தட்டையும் பார்த்தாள், நனைந்த என் தலையையும் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்த மஞ்சள் கோட்டைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். நெடுநேரம் தேய்த்தாள் என்று எனக்குத் தோன்றியது, ஒன்பது எண்ணுகிற நேரம்தான். உள்ளே திரும்பி, "தே, கடைக் கணக்க மூடி வெச்சிட்டு எழுந்து வா, தெற்குப் பக்கம் இருவத்தொரு வீடும் நீ பாரு," என்று ஏகாம்பரத்துக்குக் குரல் கொடுத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து மழையில் இறங்கியவள் நின்றாள், திரும்பவில்லை, பள்ளிக்கூடத்துப் பாறையைப் பார்த்தபடியே சொன்னாள். "முன்னால போய் ஏத்தி விடுங்க மாமா. அந்தப் பத்தொம்போதாவது படி இன்னும் ஆடுது. அங்க நீங்களே நில்லுங்க. ஒவ்வொருத்தரா கையப் புடிச்சி ஏத்துங்க."